நல்ல பேய்க்கதைகள் ஏன் திரையில் பல்லிளிக்கின்றன?

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்டீவன் கிங்கின் 'பெட் செமட்டரி' நாவலை மூன்று இரவாக, லைற்றை அணைக்காமல் வாசித்து முடித்தாராம். முடித்த கையோடு 2019இல் வந்த படத்தைப் போட்டுப் பார்த்தாராம். அரைவாசியிலேயே கை ஃபோனைத் தேடிப் போய்விட்டதாம். "அண்ணை, வாசிக்கேக்கை நெஞ்சு பதறின கதை படமா வரேக்கை ஏன் இப்பிடிச் சப்பெண்டு போகுது? கதையை மாத்துறதாலயா? ஒழுங்கா எடுத்த படம் ஒண்டுமே இல்லையா?"

ஒழுங்காக எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு, "ஓம், புத்தகத்தில் இருந்தமாதிரி எடுக்கவில்லை, அதுதான்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் ஒரு வீடியோக் கடையில் பின்னேரங்களில் நின்றவன் நான். சனம் டெக்கையும் கசட்டையும் வாடகைக்குக் கொண்டுபோன காலம். திகில் படம் கேட்டு வருகிறவர்களிடம், "இது புத்தகத்தைக் கெடுத்த படம், வேற எடுங்கோ" என்று சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். பகலில் டி.ஆர். விஜயவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த கிங் நாவல்களைக் கிளறுவது, இரவில் அதே கதையின் கசட்டைப் போடுவது, இதுதான் பிழைப்பு. என்னிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: படம் புத்தகத்துக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது?

அந்த அளவுகோலை முறித்தது 'த ஷைனிங்'. (முடிவுகளைச் சொல்லாமல் இதைக் கதைக்க முடியாது. இனி வரும் புத்தகங்களை வாசிக்கும் எண்ணம் உள்ளவர்கள் அந்தந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.)

நாவல் வந்தது 1977இல். ஸ்டான்லி குப்ரிக்கின் படம் 1980இல். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. வெளியே பளபளக்கும் பெரிய கார், உள்ளே எஞ்சின் இல்லை என்ற மாதிரி வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. நாவலில் வரும் ஜக் டொரன்ஸ் மகனில் உயிரையே வைத்திருக்கும் ஒரு தகப்பன். குடிவெறியில் அந்த மகனின் கையையே முறித்தவன். குடியை விட்டுவிட்டு எப்படியாவது திருந்திவிட வேண்டும் என்று பனிமலை ஹோட்டலுக்குக் காவல் வேலைக்கு வருகிறான். ஹோட்டல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் கூட, ஒரு கணம் அந்தத் தகப்பன் மேலே எழும்பி வந்து மகனை ஓடச் சொல்கிறான். பிறகு, அழுத்தத்தைக் குறைக்க மறந்துபோன கொதிகலன் வெடித்து ஹோட்டலே எரிகிறது. குப்ரிக்கின் படத்தில் ஜக் நிக்கல்சன் வேலைக்கு நேர்முகத்துக்கு வரும்போதே கண்ணில் கோளாறு தெரிகிறது. விழுவதற்கு உயரமே இல்லை.

ஆகவே 1997இல் கிங் தானே திரைக்கதை எழுதினார். மூன்று பாகமாகத் தொலைக்காட்சிக்கு எடுத்தார்கள். மிக் கரிஸ் இயக்கினார். கிங் 1974இல் தங்கி, இந்தக் கதை மனதில் விழுந்த அதே கொலராடோ ஸ்டான்லி ஹோட்டலிலேயே படப்பிடிப்பு. கொதிகலன் உண்டு, தகப்பனின் பாசம் உண்டு, புத்தகத்தில் இருந்தது எல்லாம் உண்டு. என் அளவுகோலின்படி நூற்றுக்கு நூறு. கசட் கிடைத்த அன்றைக்குக் கடையில் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டேன். இரண்டாம் பாகம் வருமுன் மூன்று பேர் கொத்து ரொட்டி வாங்கப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் நித்திரை.

ஏன் என்று அன்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது ஒரு சின்ன இடத்தை வைத்துத்தான்.

நாவலில் ஹோட்டல் முற்றத்தில் செடிகளை வெட்டிச் சிங்கம், நாய், முயல் என்று உருவம் பண்ணி வைத்திருப்பார்கள். ஜக் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பின்னால் ஏதோ சரசரப்பு. திரும்புகிறான். எல்லாம் அசையாமல்தான் நிற்கின்றன. ஆனால் சற்று முன் நின்ற மாதிரி இல்லை. கண்ணை மூடித் திறக்கிறான். இன்னும் கிட்ட. அவை நகர்வதைக் காண்கிறானா என்றால் இல்லை. ஒவ்வொரு முறையும் நகர்ந்து முடிந்துவிட்டதைத்தான் காண்கிறான். 1997 தொடரில் அதே செடிச் சிங்கங்கள் கணினி உபயத்தில் எங்கள் கண்முன்னே குதித்து ஓடிவருகின்றன. செடி ஓடிவந்தால் அது வெறும் செடி. குப்ரிக் இந்த மிருகங்களைத் தூக்கியே எறிந்துவிட்டார். பதிலுக்கு ஆளுயரச் செடிகளால் ஒரு சிக்கல் வழியை வைத்தார். உள்ளே போனால் வெளியே வரத் தெரியாது. புத்தகத்தில் இல்லாத சங்கதி. ஆனால் புத்தகத்தில் இருந்த பயத்துக்கு, அதாவது கண்ணுக்கு முன்னாலேயே இடம் மாறிக்கொண்டிருக்கும் ஓர் இடம் என்ற பயத்துக்கு, அது சொந்தக்காரன்.

கிங்கின் கோபத்தையும் விளங்கிக்கொண்டு, குப்ரிக்கின் படத்தையும் ரசிக்கலாம். ஒரு தகப்பனின் கதையை அவர் தொலைத்தார், உண்மை. பயத்தைத் தொலைக்கவில்லை. அதனால் இப்போது ஒரு படத்தைப் பார்க்கும்போது நான் கேட்பது வேறு கேள்வி. புத்தகத்தில் பயம் எந்த இடத்தில் குடியிருந்தது? எடுத்தவருக்கு அந்த முகவரி தெரியுமா? அநேகமான படங்கள் பேயை மட்டும் அள்ளிக்கொண்டு வந்து, அது குடியிருந்த வீட்டை அங்கேயே விட்டுவிடுகின்றன.

இதை இன்னும் சுத்தமாகக் காட்டுவது ஷேர்லி ஜக்சன் 1959இல் எழுதிய 'த ஹோன்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்'. ஒரே நாவல், இரண்டு சினிமாப் படங்கள். ஒன்று 1963இல் ரொபர்ட் வைஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மற்றது 1999இல் யான் டி பொன்ட் எடுத்தது. இரண்டாவதைத்தான் முதலில் பார்த்தேன், கொழும்பில் ஒரு படமாளிகையில். லியாம் நீசன், கத்தரீன் ஸீட்டா ஜோன்ஸ் என்று பெரிய பெயர்கள். செதுக்கிய குழந்தை முகங்கள் வாயைத் திறக்கின்றன, கட்டில் ஆளைப் பிடிக்கிறது, கூரை இறங்குகிறது. காசு தண்ணீராய் ஓடியிருக்கிறது. எனக்குப் பின் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெடியன் தாயிடம், "அம்மா, இந்த வீடு எப்ப ரொபோ ஆகும்?" என்று கேட்டான். அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் நான் வாசித்ததில்லை.

நாவலைப் பிறகுதான் நூலகத்தில் எடுத்தேன். அதில் ஓர் இரவு. எலினோர், தியோடோரா என்று இரண்டு பெண்கள் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். இருட்டில் எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பு, பிறகு ஒரு குழந்தை அழுகிறது. எலினோர் பயத்தில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். நோகும் அளவுக்குப் பிடிக்கிறாள். லைற் வருகிறது. தோழி அடுத்த கட்டிலில் எழும்பி இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருந்தது யாருடைய கை?

அவ்வளவுதான். கை யாருடையது என்று ஜக்சன் சொல்லவே இல்லை. வைஸ் 1963இல் இதை எடுத்தபோது அவரும் சொல்லவில்லை. அவருடைய படம் முழுவதிலும் பேய் என்று ஒன்று கண்ணில் படுவதே கிடையாது. ஒரு தடித்த மரக்கதவு மூச்சு வாங்குவதுபோல உள்ளே வளைகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. அறுபது வருடம் கழித்தும் அந்தக் கதவைப் பார்த்தால் என் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

எங்கள் அம்மம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. ஊரில் கோடைக்கு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால் முனியைப் பற்றிக் கதை வரும். முனி எத்தனை அடி உயரம், கண் சிவப்பா, பல்லு நீளமா, ஒன்றும் சொன்னதில்லை. "வடலிக்குள்ளை சுருட்டு மணம் வரும் பார், ஆள் இல்லாத இடத்திலை. மணந்தா நில்லாதை" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஸ்பெஷல் எஃபெக்ட். இன்றைக்கும் கொழும்பில் இருட்டு ஒழுங்கைக்குள் யாரோ சுருட்டுப் பிடித்துக்கொண்டு போனால் நடையைக் கூட்டுகிறேன்.

அடுத்த வியாதி, முடிவை மாற்றுவது. முடிவை மாற்றுவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. கிங்கின் 'த மிஸ்ற்' குறுநாவலில் ஒரு தகப்பனும் மகனும் மூடுபனிக்குள் காரில் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு மங்கலான நம்பிக்கையோடு கதை நிற்கும். 2007இல் ஃபிராங்க் டரபொன்ட் அதை எடுத்தபோது, பார்த்தவர்களுக்குச் சோறு இறங்காத ஒரு முடிவை வைத்தார். கிங்குக்கு அது பிடித்திருந்தது. முடிவை மாற்றினால் கூடுதல் பணம் தருகிறோம் என்று வந்த வாய்ப்பை மறுத்து, குறைந்த செலவில் எடுத்தார் டரபொன்ட். கதை போகும் திசையில் எழுத்தாளர் நிறுத்திய இடத்தைத் தாண்டி இன்னும் நாலு அடி நடந்தார்.

எதிர்த் திசையில் நடந்த கதைதான் 'ஐ ஆம் லெஜண்ட்'. ரிச்சர்ட் மதிசன் 1954இல் எழுதிய சின்ன நாவல். கொள்ளை நோய் வந்து மனிதர் எல்லோரும் இரத்தம் குடிக்கும் பிணங்களாகிவிட்டார்கள். ரொபர்ட் நெவில் ஒருவன்தான் மிச்சம். இரவில் கதவை அடைத்துக்கொண்டு இருப்பான். பகலில் நித்திரையாகக் கிடக்கும் அவர்களைத் தேடித்தேடிக் குத்திக் கொல்லுவான். வாசிக்கிற நாங்களும் அவன் பக்கம். பக்கம் பக்கமாக அவனோடு சேர்ந்து வேட்டையாடுகிறோம். கடைசியில்தான் தெரிகிறது, நோய் வந்தவர்களில் ஒரு பகுதியினர் மருந்து கண்டுபிடித்து, நோயோடு வாழப் பழகி, ஒரு புதுச் சமூகமாகிவிட்டார்கள் என்று. நித்திரையில் கிடக்கும்போது வந்து குத்திக் கொல்லும் ஒரு கொடியவனைப் பற்றி அவர்கள் நடுங்கிக் கதைக்கிறார்கள். அந்தக் கொடியவன் நெவில். அவனைப் பிடித்து வைத்துவிட்டு வெளியே திரண்டு நிற்கும் கூட்டத்தின் கண்ணில் அவன் காண்பது, தான் இத்தனை நாள் அவர்களைப் பார்த்த அதே பார்வை. அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் பேய்க்கதையில் இனி அவன்தான் பேய். தலைப்பின் அர்த்தம் இதுதான். ஒரு வாழ்நாளில் இப்படி ஒரு திருப்பம் எழுதினால் போதும், வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

இதை மூன்று தரம் படமெடுத்தார்கள். 1964இல் வின்சென்ட் ப்ரைஸ் நடித்த 'த லாஸ்ட் மேன் ஒன் ஏர்த்'. மூன்றிலும் நாவலுக்குக் கிட்ட நின்றது அதுதான். ஆனால் திரைக்கதையில் பங்கெடுத்த மதிசனே மனம் வராமல், தன் சொந்தப் பெயரை எடுத்துவிட்டுப் புனைபெயர் போட்டுக்கொண்டார். 1971இல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த 'த ஒமேகா மேன்'. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஹெஸ்டன் கடைசியில் சிலுவையில் அறைந்த இயேசு மாதிரிக் கையை விரித்துக்கொண்டு சாகிறார். பிறகு 2007இல் வில் ஸ்மித்.

வில் ஸ்மித் படத்தின் முதல் ஒரு மணித்தியாலம் அருமை. புல் முளைத்த நியூயோர்க் தெருக்கள், கடைப் பொம்மைகளுக்கு வணக்கம் சொல்லும் மனிதன், அந்த நாய். ஆட்கள் அந்த நாய்க்காக அழுதார்கள், நானும்தான். பிறகு கணினியில் வரைந்த, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பிசாசுகள் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருகின்றன. முடிவில் நெவில் மருந்தை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கைக்குண்டோடு பாய்ந்து தியாகியாகிறான். மனித குலத்தைக் காத்த மாவீரன், ஆகவே அவன் ஒரு காவியம் என்கிறது படம். மதிசனின் தலைப்பை எடுத்துத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால் அவர்களுக்கு விஷயம் தெரியும். வேறொரு முடிவை எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பிசாசுகளின் தலைவன் தன் துணையைக் கேட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நெவிலுக்கு விளங்கும். தான் பரிசோதித்துக் கொன்றவர்களின் படங்கள் ஒட்டிய சுவரை அவன் திரும்பிப் பார்ப்பான். முன்காட்சி பார்த்த சனத்துக்கு அது எடுபடவில்லை என்று மாற்றிவிட்டார்கள். பிறகு டிவிடியில் போட்டார்கள். தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் அது வேறு படமாகிவிடுகிறது.

நட்சத்திரம் நடிக்கும் படத்தில் நட்சத்திரமே பேய் என்று முடிக்க முதல் போட்டவனுக்கு மனம் வராது. நாவலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாவலில் நெவிலுக்கு முகமே கிடையாது, வாசிக்கிறவனின் முகம்தான்.

இனி நேரம். திகில் நாவலுக்கு நேரம் என்பது பானைக்கு அடுப்பு மாதிரி. 'த டார்க் டவர்' என்று கிங் 1982இலிருந்து 2004வரை ஏழு புத்தகம், பிறகு 2012இல் இன்னொன்று என்று எழுதிய கதையை 2017இல் 95 நிமிடத்தில் அடைத்தார்கள். அதில் நடித்த இட்ரிஸ் எல்பா பாவம். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

'இட்' கொஞ்சம் நுணுக்கமான கேஸ். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல், 1986. ஏழு பிள்ளைகள் ஒரு பிசாசை எதிர்க்கிறார்கள். 27 வருடம் கழித்துப் பெரியவர்களாகி மீண்டும் வருகிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்குச் சின்ன வயதில் நடந்தது ஒன்றுமே ஞாபகமில்லை. கிங் இரண்டு காலத்தையும் ஜடை பின்னுவதுபோல மாறிமாறிப் பின்னிக்கொண்டு போவார். அவர்களுக்கு ஞாபகம் திரும்பத் திரும்பத்தான் எங்களுக்கும் கதை தெரியவரும். 2017 படம் அந்த ஜடையை அவிழ்த்து, பிள்ளைகளின் பகுதியை மட்டும் தனியே எடுத்தது. நல்ல படம், நல்ல ஓட்டம். கடன் 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் வட்டியோடு வந்தது. திரையில் பெரியவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு எதையோ ஞாபகப்படுத்தப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கோ எல்லாம் முன்பே தெரியும். 169 நிமிடம் அவர்கள் எங்களை எட்டிப்பிடிக்க ஓடுகிறார்கள். நடிப்பும் குறையில்லை, காசும் குறையில்லை, ஜடையை அவிழ்த்ததுதான் பிழை.

நேரத்தைச் சரியாகப் பிடித்ததற்கு எங்கள் மொழியிலேயே உதாரணம் இருக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர், அதிலும் 'விடாது கருப்பு'. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கசட்டில் வந்து சேரும். கடைக்கு வருகிற ஆச்சிமார் ஹொலிவூட் பேய் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். "தம்பி, அடுத்த கருப்பு வந்திட்டுதோ?" என்பதுதான் கேள்வி. குதிரைக் குளம்புச் சத்தம் வரும், கருப்பு வராது. அதற்குள் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை வாசித்து வளர்ந்த சனத்துக்கு அந்த ஒரு கிழமை காத்திருப்பே கதையின் பாதி. இரண்டரை மணித்தியாலப் படத்தில், அதுவும் நடுவில் நாலு பாட்டும் ஒரு கொமெடி ட்ராக்கும் வைத்து, கருப்பை எடுத்திருந்தால் கருப்பும் ஆடியிருப்பார்.

தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. 1992இல் வந்த 'த லோன்மோவர் மேன்' படத்துக்குக் கிங்கின் சிறுகதைத் தலைப்பு. கதையில் புல்லு வெட்ட வந்த ஆள் உடுப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்துக்குப் பின்னாலேயே புல்லைத் தின்றுகொண்டு தவழ்ந்து போவான். சிரிப்பா பயமா என்று தெரியாத சில பக்கங்கள். படமோ கணினிக்குள் ஒரு மாய உலகம் பற்றியது. கிங் வழக்குப் போட்டுத் தன் பெயரையே எடுக்கவைத்தார். தமிழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவல் எங்கள் தலைமுறைக்கு எப்படிப்பட்டது என்று தெரியும்தானே. பேயா விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்வதுதான் அதன் உயிர். 2019இல் அதே பெயரில் நயன்தாரா நடித்த படம் வந்தபோது ஆசையோடு போய் உட்கார்ந்தேன். கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை. வாய்பேசாத, காது கேளாத பெண் ஒரு வீட்டில் தனியே, வெளியே கொலைகாரன். 2016இல் வந்த 'ஹஷ்' என்ற அமெரிக்கப் படத்தின் கதை அது. அந்த 'ஹஷ்' படத்தின் இயக்குநர் மைக் ஃப்ளனகனின் பெயரைக் குறித்து வையுங்கள். திரும்ப வருவார்.

சரி, 'பெட் செமட்டரி'. புதைத்த பிணத்தை எழுப்பித் திருப்பி அனுப்பும் ஒரு நிலத்தைப் பற்றிய கதை.

தம்பி, நீங்கள் சொன்ன 2019 படத்தில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. நாவலில் லொறியில் அடிபட்டுச் சாவது இரண்டு வயதுகூட நிரம்பாத ஆண்பிள்ளை கேஜ். படத்தில் சாவது அக்கா எலி. இதற்காகத்தான் ஆட்கள் படத்தைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால் அது மோசமான யோசனை இல்லை. திரும்பி வரும் பிணம் கதைக்கவேண்டும், மிரட்டவேண்டும். கைக்குழந்தையை வைத்து எவ்வளவுதான் எடுக்கலாம்? எட்டொன்பது வயதுப் பிள்ளை என்றால் தான் செத்தது தனக்கே தெரியும், அதில் ஒரு புது நடுக்கம் இருக்கிறது. (அந்தத் திருப்பத்தை ட்ரெயிலரிலேயே போட்டுக் காட்டிய புத்திசாலி யாரோ தெரியாது.)

படம் விழுந்த இடம் வேறு. இந்த நாவலில் பயம் செத்த பிள்ளை திரும்பி வருவதில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது. வசந்த காலத்தில் ஒருநாள் தகப்பன் லூயிஸ் மகனோடு பட்டம் ஏற்றுகிறான். வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான நாள் அவனுக்கு இல்லை. பிள்ளை கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிறது. அந்த வரியின் நடுவிலே, ஏதோ காலநிலை சொல்வதுபோல, கிங் சொல்லிவிட்டுப் போகிறார்: இந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுள் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எப்படி வாசிப்பது? கதைசொல்லிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், தகப்பனுக்கு மட்டும் தெரியாது. கமெராவால் பிள்ளையின் சிரிப்பைக் காட்ட முடியும், அந்த அரை வரியைக் காட்ட முடியாது. அதை வாசித்த வருடம் காலிமுகத்திடல் பக்கமே போகமுடியவில்லை எனக்கு. கடற்காற்றில் யாரோ ஒரு தகப்பன் பிள்ளைக்கு நூலைப் பிடிக்கக் கொடுத்துக்கொண்டு நிற்பான், எனக்கு அந்த அரை வரி கேட்கும்.

பிறகு செத்தவீடு. கிங் அந்தச் செத்தவீட்டை எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். மாமனாரும் மருமகனும் பெட்டிக்கு முன்னாலேயே கட்டிப் புரண்டு, பெட்டி தட்டுப்பட்டு விழுகிறது. செத்தவீட்டில் பழைய கோபங்கள் வெடிப்பதைக் கண்டவர்களுக்கு அந்த இடத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஒரு அத்தியாயத்தில் லூயிஸ் ஓடிப்போய் மகனை லொறிக்கு முன்னால் மட்டுமட்டாகப் பிடித்துவிடுகிறான். பிள்ளை வளர்கிறான், பெரிய நீச்சல் வீரனாகிறான், பதக்கம் வாங்குகிறான். அத்தியாயத்தின் முடிவில் அவ்வளவும் தகப்பனின் கனவு என்று தெரிகிறது. இத்தனையும் தாண்டி வருவதால்தான், அவன் இரவில் மண்வெட்டியோடு சவக்காலைக்குப் போகும்போது, "போகாதே" என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. நானும் போயிருப்பேன் என்று நினைக்கிறோம். அங்கேதான் முதுகு சில்லிடுகிறது. 2019 படத்தில் சாவுக்கும் தோண்டுவதற்கும் இடையே கிடைக்கும் நேரம் ஒரு தேத்தண்ணி குடிக்கக் காணாது. பிள்ளை கத்தியோடு ஓடத் தொடங்கியதும் நீங்கள் ஃபோனை எடுத்தது உங்கள் பிழை இல்லை.

1989 படம் இதைவிட மேல். மேரி லம்பர்ட் இயக்கியது, கிங்கே திரைக்கதை, அவருடைய சொந்த மாநிலம் மெய்னிலேயே படப்பிடிப்பு. நடிப்பு அங்கங்கே மரக்கட்டை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு மரியாதை இருக்கிறது. லூயிஸின் மனைவிக்கு அக்காவான, படுக்கையில் கிடக்கும் நோயாளி ஸெல்டா வரும் காட்சியைக் கசட்டில் பார்த்த ஒரு அக்கா, மிச்சத்தைப் பார்க்காமலே அடுத்தநாள் கொண்டுவந்து தந்தார். வாடகையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி, நல்லதாக எது பார்க்கலாம் என்ற கேள்வி. ஜப்பானில் கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவலை 1998இல் ஹிடேயோ நகாதா எடுத்த 'ரிங்கு' பார்க்கலாம். நாவலின் ஆண் நிருபரைப் பெண்ணாக்கினார்கள். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து தலைமயிர் தொங்க ஒருத்தி வெளியே வருவது நாவலில் கிடையாது, படத்தின் கண்டுபிடிப்பு. பார்த்த கசட்டால்தான் சாவு என்ற கதையை, வாடகைக் கசட்டில் போட்டுப் பார்த்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். டெக்கிலிருந்து அதை வெளியே எடுக்கவே ஆள் இல்லை.

ஃப்ளனகனிடம் வருவோம். 2017இல் அவர் எடுத்த 'ஜெரால்ட்ஸ் கேம்' பாருங்கள். முழுக் கதையும் கட்டிலில் கைவிலங்கோடு மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் தலைக்குள் நடக்கிறது. படமாக்கவே முடியாத நாவல் என்று நான் அடித்துச் சொன்னவன். அவளுடைய மனக்குரல்களை ஆட்களாக்கி, அறைக்குள்ளேயே நடமாடவிட்டார். 2018இல் அவர் 'ஹில் ஹவுஸ்' பெயரில் எடுத்த பத்து அங்கத் தொடர் நாவலின் கதையே அல்ல, ஆனாலும் ஜக்சனுக்குச் சொந்தம் என்று சொல்லலாம். 'த ஷைனிங்' கதையின் தொடர்ச்சியான 2019இன் 'டொக்டர் ஸ்லீப்' படத்தில் குப்ரிக்கின் ஹோட்டலுக்குள்ளேயே போய், கிங் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கொதிகலனை வெடிக்கவைத்தார். இரண்டு கிழவர்களுக்கும் இடையில் சமாதானம் பேசிவைத்த மாதிரி.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 1963 படம். கறுப்பு வெள்ளை என்று தள்ளவேண்டாம். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில், மிச்சமிருந்த லப்டொப் சார்ஜில் வீட்டில் எல்லோரையும் இருத்திப் போட்டுக் காட்டினேன். பெரிய மகள் வளர்ந்த பிள்ளை, பயமில்லாத பிள்ளை. கட்டில் காட்சி வந்தது. கை யாருடையது என்று எலினோர் கேட்டதும் அவள் இருட்டில் மெல்லத் தன் கையை என் கைக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, "அப்பா, இது நீங்கதானே?" என்று கேட்டாள்.

நான் அவளுடைய கையைப் பிடித்திருக்கவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தாய் முறைத்துப் பார்த்தா. விட்டுவிட்டேன்.